ஐபிவி6-க்கு மாறுவது எப்படி: கடைக்கும் வீட்டுக்கும் நெட்வொர்க் பார்ப்பவர்களுக்கு

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். புது சிசிடிவி மாட்டியிருந்தார்கள். குடும்பத்தோடு தண்ணீர்மலைக்குப் போயிருக்கும்போது கைப்பேசியிலேயே கடையைப் பார்க்க வேண்டும் என்பதுதான் முதலாளியின் ஆசை. "கடைக்குள்ள இருந்தா படம் வருது தம்பி. வாசலைத் தாண்டினா வரலை" என்றார்.

வழக்கம்போல, வெளியிலிருந்து வருவதை சிசிடிவி ரெக்கார்டருக்குத் திருப்பிவிட ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டேன். படம் வரவில்லை. போர்ட் எண்ணை மாற்றினேன், ரெக்கார்டரை அணைத்துப் போட்டேன், ரவுட்டரையே பழைய நிலைக்குத் திருப்பி மறுபடியும் அமைத்தேன். மூன்று மணி நேரம் போன பிறகுதான் ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரியைப் பார்த்தேன். 100.72 என்று தொடங்கியது. முதல் நிமிடத்திலேயே பார்த்திருக்க வேண்டிய எண் அது. அந்த முகவரிக்கு வெளியிலிருந்து யாராலும் வர முடியாது. எத்தனை போர்ட் திறந்தாலும் பயன் இல்லை.

கடை, சின்ன அலுவலகம், வீடு என்று நெட்வொர்க் வேலையில் புதிதாக இறங்குபவர்களுக்காக, கருவிகளுக்கு இணைய முகவரி கொடுக்கும் புதிய முறையான ஐபிவி6-க்கு மாறுவதைப் பற்றி இதை எழுதுகிறேன். டிப்ளோமா முடித்த பிள்ளைகளுக்கும், "நீதானே கம்ப்யூட்டர் படிச்சே, இதையும் பாரு" என்று மாமா கடையில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் இது உதவும்.

முதலில், ஏன் இந்தச் சிக்கல்

நாம் இன்னும் பயன்படுத்தும் பழைய முகவரி முறையான ஐபிவி4 1981-இல் எழுதப்பட்டது. அதில் ஒரு முகவரிக்கு 32 பிட். மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் கிடைக்கும். ஆளுக்கு ஒரு கைப்பேசி என்று வைத்தாலே உலகத்துக்குப் போதாது. உலக இருப்பின் கடைசி ஐந்து பெரிய தொகுதிகள் 2011 பிப்ரவரி 3-இல் ஐந்து வட்டாரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. நம் ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு முகவரி வழங்கும் ஏப்னிக் அமைப்புதான் முதலில் வற்றியது. அதே ஆண்டு ஏப்ரல் 15 முதல் அங்கே பங்கீட்டுக் கணக்கில்தான் முகவரி கிடைத்தது.

இத்தனைக்கும் நம் இணையம் நின்றுவிடவில்லையே, எப்படி? நேட் என்ற ஏற்பாட்டால்தான். ஒரு கொண்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். முந்நூறு வீடு, வெளியே ஒரே முகவரி. எல்லாத் தபாலும் கார்டு ஹவுசுக்கு வரும். எந்த வீட்டுக்காரர் எங்கே எழுதினார் என்று காவலாளி ஒரு நோட்டில் குறித்து வைத்திருப்பதால், பதில் வந்தால் சரியான வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். உங்கள் ரவுட்டர் செய்யும் வேலை இதுதான். ஆனால் யாரும் எழுதாமல் தானாக வரும் தபாலை எந்த வீட்டுக்குக் கொடுப்பது? அதை நீங்கள் முன்கூட்டிச் சொல்லிவைப்பதற்குப் பெயர்தான் போர்ட் ஃபார்வர்டிங்.

முகவரி இன்னும் சுருங்கியபோது இணைய நிறுவனங்களும் இதையே செய்ய ஆரம்பித்தன. பல கொண்டோக்களுக்குச் சேர்த்து ஒரே தபால் முகவரி. இதைத்தான் சிஜிநேட் என்கிறோம். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகளை இதற்கென்றே 2012-இல் ஒதுக்கினார்கள். துணிக்கடையில் நான் பார்த்தது இந்த வகை. என் காவலாளியிடம் நான் என்ன சொல்லிவைத்தாலும், அவருக்கு மேலே இன்னொரு காவலாளி இருக்கிறார். அவர் நோட்டில் நம்மால் எழுத முடியாது.

ஐபிவி6-இல் முகவரிக்கு 128 பிட். எண்ணிக்கையை எழுதினால் 39 இலக்கம் வரும். ஒவ்வொரு வீட்டுக்கும், வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் சொந்த முகவரி. இதன் முதல் வரைவு 1995 டிசம்பரிலேயே வந்துவிட்டது. இன்று 1981-இன் முறையும் இதுவும் பக்கத்தில் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவு நாள் இழுப்பதற்குக் காரணம் யாருடைய சோம்பலும் அல்ல. 32 பிட் கட்டத்துக்குள் 128 பிட் முகவரி அடங்காது. அதனால் பழைய முறை மட்டும் தெரிந்த கருவி, புதிய முறை மட்டும் தெரிந்த கருவியோடு நேரடியாகப் பேசவே முடியாது. 1983 ஜனவரி 1-இல், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் பழைய விதியிலிருந்து இன்றைய இணையத்தின் விதியான டிசிபி ஐபிக்கு ஒரே நாளில் மாறியது. அன்று அதில் சில நூறு கணினிகள்தான் இருந்தன. இன்று அப்படி ஒரு தேதி குறித்து உலகத்தையே மாற்ற வழியில்லை. இரண்டையும் சேர்த்து ஓட்டித்தான் ஆக வேண்டும். அதற்கு டூயல் ஸ்டாக் என்று பெயர். நீங்கள் செய்யப்போகும் வேலையும் அதுதான். ஐபிவி4-ஐக் கழற்றப் போவதில்லை. அதன் பக்கத்தில் ஐபிவி6-ஐ ஒழுங்காக நிறுத்தப் போகிறீர்கள்.

பினாங்கில் இருக்கும் நமக்கு இதில் ஒரு தனி உறவும் உண்டு. நாட்டின் தேசிய ஐபிவி6 மையம் கெலுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் அமைந்தது. அதன் இயக்குநராக இருந்து வழிநடத்தியவர் பேராசிரியர் சுரேஸ்வரன் ராமதாஸ். நம் வீட்டுப் பக்கத்திலேயே இவ்வளவு வேலை நடந்திருக்கும்போது, கடைகளில் இன்னும் "ஐபிவி6-ஐ ஆஃப் பண்ணிடு, நெட் வேகமாகும்" என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பேச்சுக்குக் காரணம் பாதியில் விடப்பட்ட அமைப்புகள். முழுதாகச் செய்தால் அந்தப் பேச்சுக்கே இடம் இருக்காது.

உங்களிடம் இப்போது என்ன இருக்கிறது

எதையும் மாற்றுவதற்கு முன் ரவுட்டரின் எல்லாப் பக்கங்களையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். காப்புக் கோப்பு எடுக்கும் வசதி இருந்தால் அதையும் எடுங்கள். ஆனாலும் படம்தான் என் கை கொடுத்திருக்கிறது.

அப்புறம் ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை என்றால் சிஜிநேட். 10, 192.168, அல்லது 172.16 முதல் 172.31 வரை தொடங்கினால், உங்கள் ரவுட்டருக்கு மேலே இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. பெரும்பாலும் அது நிறுவனம் கொடுத்த ஃபைபர் மோடமாக இருக்கும். எப்படியானாலும் போர்ட் ஃபார்வர்டிங்கில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

அதே பக்கத்தில் ஐபிவி6 முகவரி ஏதாவது தெரிகிறதா? 2 அல்லது 3 என்ற எண்ணில் தொடங்கினால் உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் முகவரி. எஃப்இ80 என்று தொடங்கினால் அது அந்த ஒரு கம்பிக்குள், அந்த ஒரு வைஃபைக்குள் மட்டும் செல்லும் உள்முகவரி. எந்தக் கருவியும் தானே அதைச் செய்துகொள்ளும். எஃப்இ80-ஐப் பார்த்துவிட்டு "ஐபிவி6 வந்துவிட்டது" என்று சந்தோஷப்படுவது புதியவர்கள் பலர் செய்யும் தவறு. எஃப்டி என்று தொடங்குவது உள்வீட்டு உபயோகத்துக்கான இன்னொரு வகை.

உங்கள் கைப்பேசியையும் சோதியுங்கள். வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் டெஸ்ட்-ஐபிவி6 டாட் காம் தளத்துக்குப் போங்கள். நம் நாட்டில் மொபைல் இணைப்புகளில் ஐபிவி6 பரவலாக இருக்கிறது. கூகுளின் கணக்கில் மலேசியப் பயனர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதன் வழியாகத்தான் வருகிறார்கள். வெளியே கைப்பேசியில் ஐபிவி6 இருந்து, கடையில் மட்டும் இல்லையென்றால், சிக்கல் கடையின் ரவுட்டரிலோ அதன் இணைப்பிலோதான் இருக்கிறது.

முகவரியை வாசிக்கப் பழகுங்கள்

நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தளத்தின் பெயரைக் கொடுத்தால் முகவரியைச் சொல்வது டிஎன்எஸ் சர்வர்; கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர் ஒன்றின் முகவரியை எடுத்துக்கொள்வோம். முழுதாக எழுதினால்:

2001:4860:4860:0000:0000:0000:0000:8888

எட்டுக் கூட்டம். ஒவ்வொன்றிலும் நான்கு இடம். 0 முதல் 9 வரையான எண்களோடு ஏ முதல் எஃப் வரை ஆறு ஆங்கில எழுத்துகளும் வரலாம். இந்த முகவரியில் எண்கள் மட்டுமே இருப்பதால் பழகுவதற்கு வசதி. தொடர்ந்து வரும் சுழிக் கூட்டங்களை இரட்டைப் புள்ளிகளாகச் சுருக்கலாம்:

2001:4860:4860::8888

ஒரு முகவரியில் ஒரு தடவைதான் இப்படிச் சுருக்கலாம். இரண்டு இடத்தில் சுருக்கினால் எங்கே எத்தனை சுழி என்று தெரியாமல் போகும். ஒவ்வொரு கூட்டத்திலும் முன்னால் வரும் சுழிகளையும் விட்டுவிடலாம். 0042 என்பதை 42 என்றே எழுதலாம்.

முதல் பாதியான 64 பிட் உங்கள் நெட்வொர்க்கைச் சொல்லும். பின்பாதி 64 பிட் அதற்குள் இருக்கும் கருவி. நிறுவனம் உங்களுக்குத் தருவது ஒற்றை முகவரி அல்ல. ஒரு தொகுதி, அதாவது பிரிஃபிக்ஸ். /64 என்றால் ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும் போதும். /56 என்றால் 256 நெட்வொர்க் வரை பிரிக்கலாம். கடைக்கு ஒன்று, வாடிக்கையாளர் வைஃபைக்கு ஒன்று, சிசிடிவிக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பிரிக்க நினைத்தால் /64 பற்றாது. நிறுவனத்தைக் கூப்பிடும்போது "ஐபிவி6 இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எந்த அளவு பிரிஃபிக்ஸ், அது நிலையானதா மாறுவதா?" என்று கேளுங்கள்.

ரவுட்டரில் இயக்குவது

முதலில் ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். பழைய ரவுட்டர்களில் ஐபிவி6 பெயருக்குத்தான் இருக்கும். ஃபயர்வால் இல்லாமலே அதைத் திறந்துவிடும் ரவுட்டர்களும் உண்டு.

ஐபிவி6 பக்கத்தில் இணைப்பு வகை கேட்கும். உங்கள் ஃபைபர் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் போட்டு இணையும் பிபிபிஓஇ வகை என்றால், பெரும்பாலும் ஐபிவி4 இணைப்பையே ஐபிவி6-க்கும் பகிர்ந்துகொள்ளச் சொல்லும் தேர்வு இருக்கும், அதை எடுங்கள். நிறுவனத்திடமிருந்து தொகுதியை ரவுட்டர் கேட்டு வாங்கும் பிரிஃபிக்ஸ் டெலிகேஷனை இயக்குங்கள். 6டு4, டெரிடோ என்ற பெயர்கள் பட்டியலில் இருந்தால் தொடாதீர்கள். அவை ஐபிவி4-க்குள் சுரங்கம் வெட்டி ஐபிவி6-ஐ அனுப்பிய பழைய வழிகள். 6டு4 ரிலே முறையை 2015-லேயே கைவிடச் சொல்லிவிட்டார்கள்.

உள்பக்கத்துக்கு ஸ்லாக் முறையைத் தேர்ந்தெடுங்கள். ரவுட்டர் "நம் நெட்வொர்க்கின் முன்பாதி இது" என்று அறிவிக்கும், ஒவ்வொரு கருவியும் பின்பாதியைத் தானே செய்துகொள்ளும். அலுவலகத்தில், சர்வரே முகவரி கொடுக்கும் டிஎச்சிபி முறைக்குப் பழகியவர்கள் இங்கேயும் டிஎச்சிபிவி6 மட்டும் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு மட்டும் ஐபிவி6 வரவில்லை என்று தேடுகிறார்கள். ஆண்ட்ராய்டு அந்த வழியில் தனி முகவரி வாங்குவதில்லை. ஸ்லாக் இருந்தால் இந்தத் தேடல் இல்லை.

ஒரே கைப்பேசிக்கு இரண்டு மூன்று ஐபிவி6 முகவரி தெரியும். அது கோளாறு இல்லை. வெளியே போகும்போது பயன்படுத்த, அவ்வப்போது மாறும் ஒரு தற்காலிக முகவரியைக் கருவி உண்டாக்கிக்கொள்கிறது. உங்களை ஒரே முகவரியை வைத்துப் பின்தொடர முடியாமல் இருக்கத்தான் இது.

ஃபயர்வால்: இங்கே அவசரப்படாதீர்கள்

நேட் இல்லை என்றால் எல்லாக் கருவியும் வெளியே தெரியுமே, ஆபத்து இல்லையா என்று கேட்பார்கள். சரியான கேள்வி. வீட்டுக்கு முகவரி இருக்கிறது என்பதற்காக யாரும் கதவைத் திறந்து வைப்பதில்லை. பூட்டுக்கு இங்கே பெயர் ஃபயர்வால். உள்ளிருந்து கேட்டதற்கு வரும் பதிலை மட்டும் விட்டு, தானாக வருவதைத் தடுக்கும் ஐபிவி6 ஃபயர்வால் ரவுட்டரில் இயங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த ரவுட்டரில் ஐபிவி6-ஐ இயக்காதீர்கள். வேறு ரவுட்டர் வாங்கும் வரை பொறுங்கள். இயக்கிய பிறகு, மொபைல் டேட்டாவில் இருந்து கடைக் கணினியின் முகவரியைத் தொட்டுப் பாருங்கள். கதவு திறக்கக் கூடாது.

ஆனால் பூட்டும் ஆர்வத்தில், கருவிகள் தங்களுக்குள் நிலையையும் பிழையையும் சொல்லிக்கொள்ளும் ஐசிஎம்பிவி6 செய்திகளை முழுதாகத் தடுத்துவிடாதீர்கள். பழைய முறையில் ஐசிஎம்பி என்றாலே "பிங்தானே, அடைச்சுடு" என்று பழகிவிட்டோம். ஐபிவி6-இல் பக்கத்துக் கருவியைக் கண்டுபிடிப்பதே அதன் வழியாகத்தான்.

பட்டர்வொர்த்தில் ஒரு கணக்காளர் அலுவலகம். இணையப் பக்கம் எல்லாம் திறக்கும், வாட்ஸ்அப் போகும், சின்ன மின்னஞ்சல் போகும். ஸ்கேன் செய்த ரசீதுகளை ஏற்றினால் மட்டும் பாதியில் நின்றுவிடும். அதுவும் சில தளங்களில் மட்டும். இரண்டு வாரமாக ஸ்கேனரையும் இணைய வேகத்தையும் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நின்றுபோன தளங்கள் எல்லாம் ஐபிவி6-இல் இருப்பவை என்று கவனித்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. சாதாரண நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட், அதாவது ஒரு தடவையில் அனுப்பும் தரவுத் துண்டு, 1500 பைட் வரை இருக்கலாம். பிபிபிஓஇ அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் வெளியே 1492 வரைதான் போகும். ஐபிவி4-இல் நடுவழி ரவுட்டர் பெரிய பாக்கெட்டை வெட்டி அனுப்ப முடியும். ஐபிவி6-இல் நடுவில் யாரும் வெட்டமாட்டார்கள். "பெரிதாக இருக்கிறது, சிறிதாக அனுப்பு" என்று அனுப்பியவருக்கே தகவல் திரும்பும். அந்தத் தகவல் வருவது ஐசிஎம்பிவி6 வழியாக. ரவுட்டருக்கும் கணினிகளுக்கும் நடுவே வைத்திருந்த ஃபயர்வால் பெட்டியில் யாரோ அதை மொத்தமாக அடைத்திருந்தார்கள். கணினி அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக் காத்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு விதியை மாற்றியதும் ரசீது ஏறியது. அதைப் பார்த்த அலுவலக அக்கா, "ரெண்டு வாரமா இதுக்கா?" என்று கேட்டதை நான் மறக்கவில்லை.

ஆகவே "பாக்கெட் பெரியது" என்ற செய்தியையும், பக்கத்துக் கருவியைத் தேடும் செய்திகளையும், ரவுட்டர் அறிவிப்பையும் கட்டாயம் விடுங்கள். எந்தச் செய்தி எது என்று தெரியாவிட்டால் ரவுட்டரோடு வந்த ஐசிஎம்பிவி6 விதிகளை அப்படியே விட்டுவிடுங்கள்.

சோதனை, அப்புறம் சில்லறைச் சிக்கல்கள்

கணினியில் பிங் கட்டளையோடு -6 சேர்த்து மேலே சொன்ன 2001:4860:4860::8888 முகவரியைத் தட்டுங்கள். பதில் வந்தால் பாதை சரி. பிறகு ஒரு தளத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். முகவரிக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் டிஎன்எஸ் பக்கம் போங்கள். கடைசியாக ஒரு பெரிய கோப்பை ஏற்றிப் பாருங்கள். பட்டர்வொர்த்துக்குப் பிறகு இதை நான் எங்கேயும் விடுவதில்லை.

பிரவுசரில் பக்கம் திறந்துவிட்டது என்பதை மட்டும் நம்பாதீர்கள். இன்றைய பிரவுசர்கள் ஐபிவி6-ஐ முதலில் முயன்று, கால் விநாடி அளவு காத்திருந்தும் பதில் இல்லையென்றால் ஐபிவி4-ஐயும் முயல்கின்றன. பயனருக்கு நல்லது. ஆனால் கோளாறு நம் கண்ணுக்கு மறைந்துவிடும். "கொஞ்சம் ஸ்லோ" என்ற புகார் மட்டும் மிஞ்சும். "ஆஃப் பண்ணினா வேகமாகும்" என்ற பேச்சு பிறந்தது இப்படித்தான்.

பிரிண்டர், பழைய பில் மெஷின், ஐபிவி4 மட்டும் தெரிந்த ரெக்கார்டர் ஆகியவற்றைத் தொட வேண்டாம். அவை உள்ளுக்குள் 192.168-லேயே ஓடட்டும். பிரிஃபிக்ஸ் அவ்வப்போது மாறும் இணைப்பு என்றால், எந்த இடத்திலும் ஐபிவி6 முகவரியைக் கையால் எழுதி வைக்காதீர்கள்; மின்சாரம் போய் வந்தாலே மாறிவிடலாம். பழைய விபிஎன் (இணையத்தின் நடுவே போடும் பூட்டிய தனிவழி) பயன்படுத்தும் அலுவலகங்களில் இன்னொன்றைக் கவனியுங்கள். அது ஐபிவி4-ஐ மட்டும் தன் வழியே கொண்டுபோனால், ஐபிவி6 போக்குவரத்து விபிஎன்னுக்கு வெளியே போய்க்கொண்டிருக்கும்.

சொந்த இணையதளமோ கணக்கு மென்பொருளோ வைத்திருந்தால் டேட்டாபேசையும் பாருங்கள். ஐபிவி4 முகவரி அதிகபட்சம் 15 எழுத்து. அதை நம்பி 15 இடம் ஒதுக்கியவர்கள் நிறையப் பேர். ஐபிவி6 முகவரிக்கு 39 வேண்டும். தளத்தின் பெயருக்கு, அதன் ஐபிவி6 முகவரியைச் சொல்லும் ஏஏஏஏ பதிவை டிஎன்எஸ்ஸில் சேர்ப்பது கடைசி வேலை. சர்வர் ஐபிவி6-இல் பதில் சொல்கிறது என்று வெளியிலிருந்து சோதித்த பிறகே சேருங்கள். முன்னாலேயே சேர்த்தால் திறக்காத கதவுக்கு வழிகாட்டியதாக ஆகும்.

துணிக்கடைக்கு வருகிறேன். அன்று மாலையே ரவுட்டரில் ஐபிவி6-ஐ இயக்கினேன். ரெக்கார்டரின் போர்ட்டை வெளியே திறந்துவிடவில்லை. சிசிடிவியை இணையத்தில் அப்படியே திறந்து வைப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். ரவுட்டரிலேயே இருந்த வயர்கார்டு விபிஎன்னை ஐபிவி6 வழியாகக் கேட்கும்படி அமைத்து, அந்த ஒரு போர்ட்டை மட்டும் திறந்தேன். பிரிஃபிக்ஸ் மாறினாலும் பெயர் மாறாமல் இருக்க டைனமிக் டிஎன்எஸ் போட்டேன். முதலாளியின் கைப்பேசியில் விபிஎன்னை ஏற்றி, வைஃபையை அணைக்கச் சொன்னேன். அவர் வாசலைத் தாண்டி, கடை முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையைத் தாண்டி, எதிர்ச் சாரியில் பூக்கடை முன்னால் போய் நின்று திரையைப் பார்த்தார். கல்லாப்பெட்டியும் தொங்கும் புடவைகளும் படத்தில் வந்தன. கையை உயர்த்திக் காட்டினார்.

கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதி ரவுட்டரின் பக்கத்தில் ஒட்டினேன்: இணைப்பு வகை, பிரிஃபிக்ஸ் அளவு, திறந்திருக்கும் ஒரே போர்ட், ஐசிஎம்பிவி6-ஐ அடைக்கக் கூடாது என்ற ஒரு வரி, தேதி. நீங்களும் ஒட்டிவிட்டு வாருங்கள். அடுத்து வருபவர் முதலில் அதைத்தான் படிப்பார்.